தொட்டி மண்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய மூன்றும் ஏரிகளின் ஊர்கள் என்று சொன்னால் இன்றைய மாணவர் சிலர் வியப்படையக் கூடும். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு ஏரி, பூவிருந்தவல்லிக்கு அப்பால் கடல்போல் கிடக்கும் செம்பரம்பாக்கம் ஏரி ஆகியவற்றின் பாசனத்தில் நெல்லும், கீரையும், பூவும் விளைந்த நிலங்கள்மீதுதான் இன்று நம் வீடுகள் நிற்கின்றன. 1960களில் ஆவடியில் படைக்கல ஊர்தித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன, அவற்றைத் தொடர்ந்து குடியிருப்புகள் பெருகின, வயல்கள் மனைகளாயின. மனையில் வீடு போக எஞ்சிய இடத்திற்கும் சிமெண்டு பூசிவிட்டோம். எனினும் செடி வளர்க்கும் ஆசை மட்டும் நம்மைவிட்டு நீங்கவில்லை. அது படியேறி மொட்டை மாடிக்குச் சென்றுவிட்டது. 2013-14ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசின் தோட்டக்கலைத் துறை, சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மாடித் தோட்டத் திட்டத்தைத் தொடங்கி, விதை, கருவிகள், தென்னை நார்க்கழிவு நிரப்பிய பைகள் முதலியவற்றை மானிய விலையில் வழங்கியதும் இந்த ஆசையை நன்கு வளர்த்தது.

ஆனால் மாடியில் மண் இல்லை. அதைக் கீழிருந்து கொண்டு செல்ல வேண்டும். கீழேயும் இல்லையேல் விலை கொடுத்து வாங்க வேண்டும். நம் பாட்டனார்கள் விதையை விலைக்கு வாங்கியதுண்டு. எருவை வாங்கியதும் உண்டு. மண்ணையே மூட்டையில் கட்டி விலைக்கு வாங்கியவர்கள் அவர்களுள் அரியர். இன்று சாலையோர நாற்றுப்பண்ணைகளில் பலவகை மூட்டைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. சிறுசேமிப்பில் நூறு இருநூறு ரூபாய் எடுத்துக்கொண்டு வரும் மாணவர், எதை வாங்குவது, எதை விடுவது என்று அறியாது மயங்குகிறார். வாங்கிய மண்ணில் வைத்த தக்காளி நாற்று மூன்று வாரத்தில் மஞ்சள் பூத்து மடிந்துவிட்டால், "எனக்குச் செடி வளர்க்கும் கை இல்லை" என்று அவர் தோட்டத்தையே கைவிட்டு விடுகிறார். பெரும்பாலும் குற்றம் கையில் இல்லை. தொட்டியில் நிரப்பிய கலவையில் இருக்கிறது. ஆகவே குறைந்த செலவில் நல்ல தொட்டி மண்ணைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

மண்ணிலிருந்து செடி பெறுவன யாவை? உணவு என்று எல்லோரும் உடனே சொல்லிவிடுவர். நீர் என்பதையும் சொல்லுவர். வேர் ஊன்றி நிற்கப் பிடிப்பு வேண்டும் என்று சிந்தித்துச் சொல்லுவாரும் உண்டு. நான்காவதாக ஒன்று இருக்கிறது. அதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். அது காற்று. வேரும் மூச்சு விடுகிறது. பிராண வாயுவை உட்கொண்டு கரியமில வாயுவை வெளியிடுகிறது. மண்துகள்களுக்கு இடையே காற்று நிற்பதற்கு இடம் இல்லாவிட்டால் வேர் மூச்சடைத்து அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்ச மாட்டாது. ஆகவே ஈர மண்ணிலேயே செடி வாடும். வாடுவதைக் கண்ட நாம் இன்னும் ஒரு குவளை நீர் ஊற்றுவோம். மாடித் தோட்டத்தில் நீரில்லாமல் மடிந்த செடிகளைக் காட்டிலும் நீர் மிகுந்து மடிந்த செடிகளே அதிகம் என்பது என் கணிப்பு.

நிலத்தில் நன்றாயிருக்கும் அதே மண் தொட்டியில் ஏன் கெட்டுப் போகிறது என்ற கேள்வி இங்கே எழும். இதற்கு விடை காண ஓர் எளிய சோதனை உண்டு. பாத்திரம் துலக்கும் செவ்வக வடிவான பஞ்சு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நீரில் முழுக நனைத்து, அகன்ற பக்கம் கீழாக இருக்குமாறு படுக்கை வாட்டில் பிடியுங்கள். நீர் சொட்டும்; பிறகு நின்றுவிடும். இப்போது பிழியாமல், அப்படியே அதை நெட்டுக்குத்தாகத் திருப்புங்கள். நின்றுபோன நீர் மீண்டும் சொட்டத் தொடங்கும். பஞ்சு அதே பஞ்சுதான், துளைகளும் அவையேதான், மாறியது உயரம் ஒன்றே. நுண்ணிய துளைகள் நீரைப் பற்றி இழுத்து வைக்கின்றன; நீரின் எடை அதைக் கீழே இழுக்கிறது. உயரம் கூடும்போது எடையின் இழுப்பு மேலோங்குகிறது. உயரம் குறைந்தால் துளையின் பிடிப்பு வெல்லுகிறது.

நிலத்து மண் பல அடி ஆழமுள்ள, நிமிர்த்திப் பிடித்த பஞ்சு போன்றது. தொட்டியோ ஓர் அடி ஆழமே உள்ள, படுக்கவைத்த பஞ்சு. எந்தத் தொட்டியிலும் நீர் வடிந்து முடிந்த பிறகும் அடியில் ஓர் அடுக்கு முழு ஈரமாகவே நிற்கும். துகள்கள் நுண்மையாக இருந்தால் அந்த ஈர அடுக்கு கனமாக இருக்கும். துகள்கள் பருமனாக இருந்தால் மெல்லியதாக இருக்கும். வயற்களிமண்ணைத் தொட்டியில் இட்டால் செடியின் வேர்ப்பகுதியில் பெரும்பங்கு சேற்றிலேயே நிற்பதன் காரணம் இதுவே.

தொட்டியின் அடியில் ஓட்டுச் சில்லும் கல்லும் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. துளை அடைபடாமல் ஒரு சில்லு கவிழ்த்து வைப்பது சரியே. அரைத் தொட்டி கல் நிரப்புவது பயனற்றது. மேலுள்ள நுண்மண் தன் பிடியில் உள்ள நீரைக் கீழே உள்ள கல்லுக்கு எளிதில் விடாது. ஆதலால் ஈர அடுக்கு கல்லுக்கு மேலே ஏறி நிற்கும். வேருக்குரிய இடம் சுருங்கியதுதான் மிச்சம். வடிகால் கலவை முழுவதிலும் இருக்க வேண்டும். அடியில் மட்டும் இருந்து பயனில்லை.

நம் ஊரின் பருவநிலை இந்தச் சிக்கலை இரட்டிக்கிறது. சித்திரை, வைகாசியில் மொட்டை மாடியின் தளம் காலை வைக்க முடியாதபடி கொதிக்கும்; காலையில் ஊற்றிய நீர் மாலைக்குள் ஆவியாகும். அப்போது நீரைப் பிடித்து வைக்கும் மண் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இடைவிடாது கொட்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையும் புறநகரங்களும் வெள்ளத்தில் தத்தளித்ததைப் பலரும் அறிவர். அப்போது நீரை விரைந்து வடிக்கும் மண் வேண்டும். இவ்விரண்டு வேலையையும் ஒரே கலவை செய்ய வேண்டும். பெரிய துளையும் சிறிய துளையும் கலந்திருந்தால்தான் அது இயலும். மேலைநாட்டுப் புத்தகத்தில் கண்ட கலவையை அப்படியே இங்கே எடுத்தாள முடியாமைக்கு முதற் காரணம் இதுதான்.

மேலைநாட்டைச் சொன்னதால் அங்கே நடந்த ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 1930களுக்கு முன்பு ஒவ்வொரு தோட்டக்காரரும் ஒவ்வொரு செடிக்கும் வெவ்வேறு மண் கலவையைக் கையாண்டு வந்தார். அவற்றைத் தொழில் மறைவாகவும் வைத்திருந்தார். மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் லாரன்ஸ், நியூவெல் என்ற இருவர், நாற்றுகள் அடிக்கடி மடிவதன் காரணத்தை ஆராயப் புகுந்தனர். மண்ணிலுள்ள நோய்க்கிருமிகளை வெப்பத்தால் அழித்து, விதைக்கு ஒன்று, வளர்ந்த செடிக்கு ஒன்று என இரண்டே கலவைகள் போதும் என்று அவர்கள் நிலைநாட்டினர். வளர்ந்த செடிக்கான கலவையில் நல்ல தோட்ட மண் 7 பங்கு, பீட் எனப்படும் சதுப்புநில மக்கு 3 பங்கு, பருமணல் 2 பங்கு. இந்தச் செய்தியில் நாம் கொள்ளத்தக்கது அளவன்று, முறையே ஆகும். செடிக்கொரு மூட்டையாக விற்கப்படும் ரோஜா மண், துளசி மண், கள்ளி மண் ஆகியவற்றுள் பலவும் ஒரே பொருளின் வெவ்வேறு பெயர்களாக இருக்கக் கூடும் என்ற ஐயம் நமக்கு எப்போதும் இருக்கட்டும். கள்ளிக்கு மட்டும் மணற்பாங்கு கூடுதலாக வேண்டும் என்பது உண்மைதான். அதற்கு ஒரு கூடை மணல் போதும்.

சதுப்புநில மக்கு உருவாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அதைத் தோண்டுவதால் பூமியில் புதைந்து கிடந்த கரி, வாயுவாக மாறி வெளியேறுகிறது. ஆகையால் அதற்கு மாற்றுப் பொருளை உலகம் தேடியபோது கிடைத்தது நம் தென்னை நார்க்கழிவு! மட்டையிலிருந்து கயிறு திரிக்க நாரைப் பிரித்தபின் உதிரும் துகள்தான் அது. பொள்ளாச்சிப் பக்கத்தில் ஒரு காலத்தில் சாலை ஓரங்களில் மலைபோல் குவிந்து கிடந்து, இடத்தை அடைக்கும் தொல்லையாகக் கருதப்பட்ட பொருள், இன்று செங்கல்லைப்போல் அழுத்தப்பட்டுக் கப்பலேறுகிறது.

இந்த நார்க்கழிவைப் பற்றி மூன்று செய்திகளை அறிந்திருத்தல் வேண்டும். முதலாவது, அது தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடிக்கும்; அதே வேளையில் காற்றுக்கும் இடம் விடும்; எடையும் மிகக் குறைவு. 5 கிலோ கட்டி ஒன்றை நீரில் ஊறவைத்தால் ஏறக்குறைய 60 முதல் 75 லிட்டர் வரை பொருமும். இரண்டாவது, அதில் உப்பு இருக்கலாம். உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததாயின் உப்பு மிகுதியாகவே இருக்கும். ஆகவே ஊறவைத்துப் பிழிந்து நீரைக் கொட்டுவதை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும். குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் வைத்திருக்கும் வீடுகளில், நீரில் கரைந்துள்ள உப்பளவைக் காட்டும் பேனா போன்ற சிறு கருவி ஒன்று இருப்பதுண்டு. ஊற்றும் நீரின் அளவையும், பிழிந்த நீரின் அளவையும் அதனால் அளந்து பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ நெருங்கி வரும்வரை கழுவுங்கள். நம் பகுதியில் சில தெருக்களின் ஆழ்துளைக் கிணற்று நீரே உவர்ப்பாக இருப்பதால், கடைசிக் கழுவலுக்கு மட்டுமாவது மழைநீரோ குழாய்நீரோ பயன்படுத்துதல் நலம்.

மூன்றாவது செய்தி சற்று நுணுக்கமானது. கல்லூரி மாணவர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். நார்க்கழிவில் கரிச்சத்து மிக அதிகம்; தழைச்சத்தாகிய நைட்ரஜன் மிகக் குறைவு. மக்காத நார்க்கழிவில் இவற்றின் விகிதம் ஏறக்குறைய 112க்கு 1. அதைத் தின்று மக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு ஏறத்தாழ 25 பங்கு கரிக்கு ஒரு பங்கு நைட்ரஜன் தேவை. உணவில் அது இல்லாதபோது அவை சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். செடிக்காக நாம் இட்ட எருவின் சத்தை நுண்ணுயிர் முந்திக்கொண்டு உண்டுவிடுகிறது! அடியிலைகள் முதலில் மஞ்சளாகி உதிர்வது இதன் அடையாளம். மக்காத மரத்தூள், பச்சை உமி, கரும்புச் சக்கை ஆகிய எல்லாவற்றிற்கும் இந்தக் குறை உண்டு. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கு ஒரு வழி கண்டது. சிப்பிக் காளான் வகையைச் சேர்ந்த பூஞ்சையையும், ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியாவையும் நார்க்கழிவின் அடுக்குகளுக்கு இடையே இட்டு ஈரமாக வைத்தால், ஏறக்குறைய இரண்டு திங்களில் அந்த விகிதம் 24க்கு 1 என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. பழுப்பு நிறம் மாறிக் கருமை பெறுகிறது. இவ்வாறு மக்கவைத்த நார்க்கழிவு உரமும் கடைகளில் கிடைக்கிறது. மக்காததையே வாங்க நேர்ந்தால் கூடவே எருவும் பிண்ணாக்கும் தாராளமாகச் சேர்க்க வேண்டும். வெறும் நார்க்கழிவில் செடி நட்டுவிட்டு அதன் பசுமையை எதிர்பார்க்கலாகாது.

இனி, நம் ஊரிலேயே மலிவாகவோ விலையின்றியோ கிடைக்கும் பொருள்களைப் பார்ப்போம். செம்மண் நம் பக்கத்துக்கு அயலானதன்று. செங்குன்றம் என்ற பெயரே அதைச் சொல்லும். கலவைக்கு எடையும் பிடிப்பும், சிறிது நுண்சத்தும் தருவது அது. ஆனால் வீடு கட்ட அடித்தளத்தில் நிரப்பும் கிராவல் மண்ணையும் செம்மண் என்றே விற்கிறார்கள். அது காய்ந்தால் கல்லாகும். சிறிது மண்ணைக் கண்ணாடிச் சீசாவில் பாதியளவு இட்டு, நீர் நிரப்பி நன்கு குலுக்கி, ஒரு நாள் அசையாமல் வையுங்கள். மணல் அடியிலும், வண்டல் நடுவிலும், களி மேலுமாகப் படியும். களியின் அடுக்கு பாதியைத் தாண்டினால் அந்த மண்ணைத் தொட்டிக்கு எடுக்க வேண்டாம்.

ஏரி வண்டலைப் பற்றி ஒரு வார்த்தை. உழவர்களும் குயவர்களும் ஏரிகளின் வண்டலைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள அரசு 2017இல் வழி செய்தது. வயலுக்கு அது பெரும்பேறு. நம் புறநகர் ஏரிகளின் கதை வேறு. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதைப் பற்றிய முறையீடு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. தொழிற்சாலைகளும் சாக்கடைகளும் சூழ்ந்த நீர்நிலையின் அடிச்சேற்றில் காரீயம் முதலிய கன உலோகங்கள் தங்கியிருத்தல் கூடும். அவை மக்கி மறையும் பொருள்கள் அல்ல. கீரைகள் அவற்றை உறிஞ்சவும் கூடும். கீரையின்மேல் படிந்த மண்துகளாலும் அவை வயிற்றுக்குள் செல்லக் கூடும். சிறு குழந்தைகள் உண்ணும் கீரைக்கு இந்தச் சேற்றை எடுப்பது, இலவசமாகக் கிடைத்தாலும், விலை மிக்கதே. சாலையோரத்தில் பல ஆண்டுகள் கிடந்த மண்ணுக்கும் இது பொருந்தும்.

மணலின் வேலை துளையைப் பெரிதாக்குவது. ஆற்றுமணல் இன்று பொன் விலை. அதை அள்ளியள்ளி ஆறுகள் பட்ட பாட்டையும் நாம் அறிவோம். கருங்கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டைப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் பொடியைக் கழுவி நீக்கிவிட வேண்டும். கடல்மணல் அறவே ஆகாது. என்னைக் கேட்டால் தொட்டிக்கு மணலைவிடக் கருக்கிய உமியே மேலானது என்பேன். செங்குன்றத்து நெல் அரவை ஆலைகளால் நம் பக்கத்தில் உமிக்குப் பஞ்சமில்லை. துளையிட்ட தகரக் குழாய் ஒன்றினுள் சிறு நெருப்பு மூட்டி, அதைச் சுற்றி உமியைக் குவித்தால் உள்ளிருந்து வெளியாக அது கருகி வரும். முழுவதும் கறுத்தவுடன், வெளுத்துச் சாம்பலாகுமுன் நீர் தெளித்து அணைத்துவிட வேண்டும். கருகிய உமி இலேசானது, எளிதில் மக்காது, காற்றுக்கு இடம் தருவது. அயல்நாட்டிலிருந்து வரும் வெள்ளை நிறப் பெர்லைட் என்ற பொருள் செய்யும் வேலையை இதுவே பெரும்பாலும் செய்துவிடும். ஆலைக் கொதிகலனிலிருந்து வரும் சாம்பலை மட்டும் அப்படியே இடாதீர்கள். அதில் காரத்தன்மை மிகுதி. கழுவி, மிகச் சிறிதளவே சேர்க்கலாம்.

எருவைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியோர்கள் எனக்கு மேல் அறிவார்கள். அம்பத்தூரிலும் திருமுல்லைவாயிலிலும் இன்றும் மாடு வளர்ப்போர் உண்டு. சாணத்தை எடுத்துச் செல்வார் இல்லையே என்று அவர்களில் சிலர் குறைப்படுவர். பச்சைச் சாணத்தைத் தொட்டியில் இட்டால் அதிலிருந்து எழும் அமோனியாவும் வெப்பமும் வேரைச் சுட்டுவிடும். குவித்து, ஈரம் காத்து, மூன்று நான்கு திங்கள் மக்கவிட வேண்டும். நன்கு மக்கிய தொழு உரம் சாண நாற்றம் இன்றி, முதல் மழையில் எழும் மண்வாசனையோடு உதிரியாக இருக்கும். அதில் வெண்ணிறமான தடித்த புழுக்கள் சுருண்டு கிடந்தால் பொறுக்கிப் போடுங்கள். அவை வண்டின் புழுக்கள். சில வகைகள் வேரையும் கடிக்கும். தொழு உரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்கு அளவே. சத்தினும் மண்ணுக்கு அது தரும் உயிரோட்டமே பெரிது. வேப்பம் பிண்ணாக்கில் தழைச்சத்து அதைப்போல் பத்து மடங்கு வரை உண்டு. ஆகவே தொட்டிக்கு ஒரு பிடி போதும்.

மண்புழு உரத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். சென்னைப் புதுக்கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிய சுல்தான் அகமது இஸ்மாயில், அயல்நாட்டுப் புழுக்களைத் தேடாமல் நம் மண்ணில் இயல்பாக வாழும் புழுக்களைக் கொண்டே உரம் செய்யலாம் என்று ஆராய்ந்து, அதை எளிய மக்களிடையே பரப்பினார். நல்ல மண்புழு உரம் தேயிலைத் தூள்போல் சிறு சிறு உருண்டைகளாக இருக்கும். விலை சற்றுக் கூடுதல் என்பதால் கலவையில் சிறு பங்காகச் சேர்த்தால் போதும்.

மலிவிலும் மலிவானது ஒன்று உண்டு. மாசி, பங்குனியில் நம் தெருக்களில் புங்க மரம் இலையைக் கொட்டும். வேம்பும் தூங்குமூஞ்சி மரமும் அவ்வாறே. காலைதோறும் அதைக் கூட்டி மூலையில் கொளுத்திவிட்டு, அந்தப் புகையில் இருமிக்கொண்டே நாற்றுப்பண்ணைக்குச் சென்று உரம் வாங்குகிறோம்! திறந்த வெளியில் குப்பை எரிப்பதைத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016லேயே தடை செய்தன. தெருவோ இன்னும் புகைந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தச் சருகை அரிசிச் சாக்கில் அடைத்து, சாக்கில் பத்துத் துளை இட்டு, சாணக் கரைசல் தெளித்து நிழலில் வையுங்கள். ஈரம் உலராமல் மட்டும் பார்த்துக்கொண்டால் ஐந்தாறு திங்களில் கருமையான இலைமக்கு கிடைக்கும். புங்க இலை விரைவில் மக்கும். மாவிலை நெடுநாள் எடுக்கும்.

சமையலறைக் கழிவை வாளியில் மக்கவைப்போர் ஒரு பங்கு காய்கறித் தோலுக்கு இரு பங்கு சருகோ நார்க்கழிவோ இட வேண்டும். பச்சைக் கழிவில் நைட்ரஜன் மிகுதி, சருகில் கரி மிகுதி என்பதை நினைவிற் கொண்டால் இந்த அளவின் காரணம் விளங்கும். இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய அறிஞர் இந்திய உழவர்களின் பழக்கங்களைக் கண்டு ஆராய்ந்து, 1931இல் நூலாக வெளியிட்ட உரமுறையின் அடிப்படையும் இதுவே. பெருங்குவியல் உள்ளே நன்கு சூடேறும். அதனால் களை விதைகளும் கிருமிகளும் பெரும்பாலும் மாயும். வாளியில் அந்தச் சூடு எழாது. ஆகவே நோயுற்ற செடிகளை வாளியில் இடாதீர்கள்.

மாநகராட்சியின் நுண் உர மையங்களில் குப்பையிலிருந்து செய்யும் உரமும் மலிவானதே. நகரக் குப்பை உரத்துக்கு 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் வரையறைகள் உண்டு: கரிக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் 20க்கு மேற்படலாகாது, காரீயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது. மூட்டையின்மேல் இவை அச்சிடப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். கண்ணாடித் தூளும் பிளாஸ்டிக் துணுக்கும் கண்ணில் பட்டால் பூச்செடிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இனிக் கணக்குக்கு வருவோம். மேல்வாய் 30 செ.மீ., அடி 20 செ.மீ., உயரம் 30 செ.மீ. உள்ள தொட்டியின் கொள்ளளவு என்ன? கூம்பின் துண்டுக்குரிய வாய்பாட்டைப் பத்தாம் வகுப்பு மாணவர் அறிவர். விடை ஏறக்குறைய 15 லிட்டர். பத்துத் தொட்டிக்கு 150 லிட்டர். பெருந்துகளின் இடையே சிறுதுகள் புகுந்து கலவை சுருங்குமாகையால் 170 லிட்டர் அளவுக்குப் பொருள் சேர்க்க வேண்டும். செடிக்கு வேண்டியது கன அளவு. கடையில் விற்பதோ எடையில்! ஈரமான உரம் எடை கூடும். பாதி எடை நீராகவே இருக்கக் கூடும். கணக்குக்காக ஒன்று வைத்துக்கொள்வோம். 20 கிலோ மூட்டை மண் 240 ரூபாய். அது 10 லிட்டர் வாளியில் இரண்டரை வாளிதான் வருகிறதெனின் லிட்டர் 9 ரூபாய் 60 காசு ஆகிறது. 5 கிலோ நார்க்கழிவுக் கட்டி 210 ரூபாய். 70 லிட்டராகப் பொருமினால் லிட்டர் 3 ரூபாய். விலை இடத்துக்கிடம் மாறும். லிட்டருக்கு என்ன விலை என்று கேட்கும் பழக்கம் மாறக் கூடாது. கடைக்காரர் விழிப்பார், பரவாயில்லை.

எடையைக் கணக்கிடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஈரமான வெறும் மண் லிட்டருக்கு 1.7 கிலோ அளவில் இருக்கும். 15 லிட்டர் தொட்டி 25 கிலோவைத் தாண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒன்பது தொட்டி நெருக்கி வைத்தால் 225 கிலோவுக்கு மேல். மக்கள் ஏறி நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோதான். நார்க்கழிவு பாதியளவு சேர்ந்த கலவையாயின் தொட்டி 15 கிலோ அளவில் நிற்கும். ஒன்பதும் சேர்ந்து 135. அப்போதும் தொட்டிகளைச் சுவருக்கும் உத்தரத்துக்கும் மேலாக, ஓரங்களில் வரிசையாக வைப்பதே அறிவுடைமை. பழைய செங்கல் தளமுள்ள வீடாயின் பொறியாளரைக் கேளாமல் ஏற்ற வேண்டாம்.

ஆகவே மாடிக்கு நான் சொல்லும் கலவை இது: கழுவிய நார்க்கழிவு 2 பங்கு, செம்மண் 1 பங்கு, மக்கிய தொழு உரமோ இலைமக்கோ மண்புழு உரமோ, மூன்றும் கலந்தோ, 1 பங்கு, கருக்கிய உமி அரைப் பங்கு, தொட்டிக்கு ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கு. தரையில் வைக்கும் தொட்டிக்கு எடைக் கவலை இல்லை. செம்மண் 2 பங்கு, எரு 1 பங்கு, கருக்கிய உமியோ பருமணலோ 1 பங்கு போதும். கையில் அள்ளி ஈரத்துடன் இறுக்கிப் பிடித்து விட்டால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும்.

கலந்தவுடன் நட்டுவிடாதீர்கள். ஒரு கொட்டாங்கச்சியில் அந்தக் கலவையையும், மற்றொன்றில் நன்கு தெரிந்த நல்ல மண்ணையும் நிரப்பி, இரண்டிலும் இருபது இருபது வெந்தயத்தை விதையுங்கள். ஒரு வாரத்தில் இரண்டிலும் முளைத்தவற்றை எண்ணுங்கள். புதிய கலவையில் முளைப்பு மிகக் குறைந்திருந்தால், அல்லது இலை நுனி கருகியிருந்தால், உப்போ மக்காத எருவோ மிகுந்துள்ளது என்று பொருள். உப்பாயின் கலவையை நீர்விட்டு வடித்து, மக்காமையாயின் இரண்டு வாரம் ஈரமாக வைத்து, மறுபடி விதைத்துப் பாருங்கள். இருபது விதைக்கு ஆகும் செலவு மிகமிகச் சிறிது. பத்துத் தொட்டி நாற்று மடிந்தால் ஆகும் செலவு அவ்வாறன்று.

ஒரு பருவம் முடிந்த மண்ணை எறிவது வீண் செலவு. மக்கு குறைந்து மண் தாழ்ந்திருக்கும், அவ்வளவே. தொட்டியைக் கவிழ்த்து, தடித்த வேர்களை நீக்கி, கோடையில் அக்கினி நட்சத்திரத்தின்போது அந்த மண்ணை ஈரமாக்கி, ஒரு சாண் உயரத்துக்கு மேற்படாமல் பரப்பி, நிறமற்ற கண்ணாடிபோன்ற பாலித்தீன் தாளால் காற்றுப் புகாதவாறு மூடிவிட வேண்டும். கறுப்புத் தாளைவிட இதுவே வெயிலை உள்ளே விட்டு மண்ணை நன்கு சூடாக்கும். நான்கு முதல் ஆறு வாரத்தில் நோய்க் கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் மாயும். பிறகு நாலில் ஒரு பங்கு புதிய எருவும், சிறிது கருக்கிய உமியும், ஒரு பிடி பிண்ணாக்கும் கலந்து, பத்து நாள் நிழலில் ஆறவிட்டால், ஆடிப்பட்டத்து வெண்டைக்கும் கத்தரிக்கும் அந்தத் தொட்டி தயார். தக்காளியும் கத்தரியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை ஆதலால், சென்ற பருவத்தில் தக்காளி நின்ற மண்ணில் இந்த முறை வெண்டையையோ கீரையையோ விதையுங்கள்.